உதிர்ந்த பிட்டும் ஒழுங்கான கூலியும்

போன ஆவணி மூலத்தன்று ஸ்காபரோவில் ஒரு கோயிலில் மண் சுமந்த கதை கேட்டுக்கொண்டிருந்தேன். கோபுரம் வைத்த கோயில் அல்ல. தொழிற்பேட்டை ஒன்றின் நடுவில், முன்பு கிடங்காக இருந்த கட்டடம். எங்கள் சனம் இந்த நகரத்தில் கோயிலாக்கிய இடங்கள் பலவும் இப்படிப்பட்டவைதான். பின்பக்கத்தில் பாரவண்டி வந்து சாமான் இறக்கிய பெரிய இரும்புக் கதவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு உட்புறம் இப்போது மடைப்பள்ளி.

ஊரில் புராணப் படிப்பு என்றால் ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். இங்கே அன்று இரண்டையும் ஒருவரே செய்தார். நன்றாகவே செய்தார். வைகை பெருகி, கரை உடைந்து, வந்திக் கிழவி ஆளில்லாமல் தவித்து, கூலியாள் வந்து, பிட்டைத் தின்று, மண்ணைச் சும்மா கொட்டி விளையாடும் இடம் வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்தார். எழுபதை நெருங்கும் வயது. கையில் சாப்பாட்டுப் பை.

"என்ன அண்ணை, அடி விழ முந்தியே வெளிக்கிடுறியள்?" என்று கேட்டேன்.

"பத்தரைக்கு வேலை தம்பி. பஸ் இரண்டு மாறவேணும். அடி விழுற இடம் எனக்குத் தெரியும்தானே" என்றார்.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வசனம் என்னை விடவில்லை. அறுபத்து நான்கு விளையாடல்களில் அறுபத்தோராவதாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய இந்தப் படலத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். பக்தியாகக் கேட்டிருக்கிறேன், நகைச்சுவையாகக் கேட்டிருக்கிறேன், மாணிக்கவாசகர் வரலாற்றின் ஒரு பகுதியாகப் படித்திருக்கிறேன். வேலை பற்றிய கதையாக ஒருநாளும் படித்ததில்லை. நானே ரொறன்ரோவுக்கு வந்த முதல் ஏழு வருடமும் ஏஜென்சி அனுப்பிய பக்ரறிகளில் இரவு வேலை செய்தவன். அப்படியிருந்தும் படித்ததில்லை.

இப்போது படித்துப் பார்ப்போம்.

அரிமர்த்தன பாண்டியன் ஆணையிடுகிறான்: குடிக்கு ஒரு பங்கு கரை. இது கூலி வேலை அல்ல, கட்டாய வேலை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தியிடம் ஆள் இல்லை. அவள் தன் பங்கை ஒரு கூலியாளிடம் ஒப்படைக்கிறாள். அவளிடம் காசு இல்லாதபடியால் கூலி பிட்டு. கதை சொல்பவர்கள் வழக்கமாகச் சேர்ப்பது, உதிர்ந்த பிட்டு மட்டும் கூலி, முழுப் பிட்டு விற்பனைக்கு. அன்றைக்கென்று பிட்டு முழுவதும் உதிர்ந்துபோகிறது. ஆக, மேலே அரசன், நடுவே கண்காணிகள், அதற்குக் கீழே தானே ஏழையான ஒரு சிறு முதலாளி, எல்லாவற்றுக்கும் அடியில் ஊர்பேர் இல்லாத ஒரு நாட்கூலி. கரை அடைபடவில்லை என்றதும் பிரம்படி விழுவது அந்தக் கடைசி ஆளின் முதுகில்.

ஏஜென்சி மூலம் வேலை செய்தவர்களுக்கு இந்த அடுக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேலை ஒரு கம்பனியில், சம்பளம் இன்னொரு கம்பனியில். காயம் பட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஒன்ராறியோவில் இப்படி ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் அனுமதிப்பத்திரம் பெற்றுத்தான் இயங்கவேண்டும் என்ற விதி 2024 யூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த கட்டம்தான் இந்தக் கதையின் உச்சம். அடி கூலியாளின் முதுகோடு நிற்கவில்லை. அரசன் முதுகிலும் அரசியர் முதுகிலும் அமைச்சர் முதுகிலும், கருவிலிருந்த குழந்தை வரை, எல்லா உயிர்மேலும் விழுகிறது. ஒரு தொழிலாளியின் மேல் விழும் அடி எல்லோர் மேலும் விழும் அடி என்பதைத் தொழிற்சங்கங்கள் கோஷமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சைவப் புராணம் கதையாக்கி வைத்திருக்கிறது. இதை எண்ணி நான் கொஞ்சம் பெருமைப்பட்டது உண்மை.

ஆனால் விமர்சகன் பெருமையோடு நின்றுவிட முடியாது. அரசன் ஏன் கலங்குகிறான்? அடித்தது தவறு என்பதாலா, அடிபட்டவர் சொக்கநாதர் என்பதாலா? கதை இரண்டாவதைத்தான் சொல்கிறது. வந்தியிடம் வந்தவன் உண்மையிலேயே ஒரு கூலியாளாக இருந்திருந்தால் அந்த அடி அவன் முதுகோடு நின்றிருக்கும். பாட்டும் இல்லை, படலமும் இல்லை. கரை அடைபட்டதும் கூலியாள் மறைந்துவிடுகிறார். வந்திக்குச் சிவலோகம் கிடைக்கிறது. அடுத்த வெள்ளத்தில் குடிக்கு ஒரு பங்கு என்ற ஆணை மாறுமா என்று கதை கேட்பதில்லை. எங்கள் சமய இலக்கியத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படலத்துக்குள் இருக்கின்றன. கூலியாளுக்குள் கடவுளைக் காண அது கற்றுத் தருகிறது. கடவுள் இல்லாத வெறும் கூலியாளுக்கு என்ன உரிமை என்று சொல்லாமல் விடுகிறது.

*

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் திராட்சைத் தோட்டக் கூலிகளின் உவமை இருக்கிறது. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. ஜோன் ரஸ்கின் தன் பொருளாதார நூலுக்கு அந்த உவமையிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். காந்தி 1908இல் அந்த நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'சர்வோதயா' என்று பெயரிட்டார். வேலை செய்தவனின் வியர்வை உலரமுன் கூலியைக் கொடுத்துவிடு என்பது முஸ்லிம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த நபிமொழி. வசனங்களுக்கு எந்தச் சமயத்திலும் பஞ்சமில்லை. அந்த வசனங்களை யார், எங்கே நின்று, யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

இந்த நாட்டில் அதற்கு ஒரு கூர்மையான உதாரணம் இருக்கிறது. ஜே. எஸ். வூட்ஸ்வேர்த் 1874இல் இன்று ரொறன்ரோவின் மேற்குப் பகுதியாகிவிட்ட எற்றோபிக்கோவில் பிறந்தவர், மெதடிஸ்த போதகர். 1918இல் திருச்சபைப் பணியை விட்டு விலகினார். 1919 வின்னிபெக் பொது வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் செய்தித்தாளின் ஆசிரியர் கைதானதும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சில நாட்களில் அவரும் கைதானார். குற்றச்சாட்டு, அரசுக்கு எதிரான துரோக எழுத்து. ஆதாரமாகக் காட்டப்பட்ட பகுதிகளில் அநியாயச் சட்டம் இயற்றுவோரைக் கண்டிக்கும் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனங்களும் இருந்தன. அதே வசனங்கள் நாடு முழுவதும் ஞாயிறு தோறும் பிரசங்க மேடைகளில் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தவைதான். கோயிலுக்குள் வேதமாக இருந்தது வேலைநிறுத்தப் பத்திரிகையில் குற்றமாகியது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. 1921இல் அவர் பாராளுமன்றம் போனார். 1927இல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டத்துக்கு அவர் கொடுத்த நெருக்குதல் முக்கிய காரணம். எங்கள் அம்மா அப்பாமார் மாதக் கடைசியில் எதிர்பார்க்கும் பென்சன் காசின் வேரில் ஒரு போதகரின் பிடிவாதமும் இருக்கிறது.

ஒரு பனுவலின் பொருள் அது வாசிக்கப்படும் இடத்தால் மாறும் என்று இலக்கியக் கோட்பாட்டுக்காரர் நீட்டி எழுதுவார்கள். வின்னிபெக் பொலிஸ்காரர் அதை ஒரே நாளில் விளங்கிக்கொண்டார்கள்.

ரொறன்ரோவின் நடுவே ஈற்றன் சென்ரருக்குப் பின்னால் ஹோலி ரினிற்றி தேவாலயம் இருக்கிறது. 1847இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தேவாலய இருக்கைகளுக்கு வாடகை உண்டு. காசுள்ள குடும்பத்துக்கு முன்வரிசை, இல்லாதவர்கள் பின்னால். இந்தத் தேவாலயத்தைக் கட்ட இங்கிலாந்திலிருந்து பெயர் சொல்லாமல் 5000 பவுண் அனுப்பிய பெண் ஒரு நிபந்தனை வைத்தார்: இருக்கைகள் என்றைக்கும் இலவசமாக இருக்கவேண்டும். இன்று அதே இடத்தில் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நண்பகலில், இந்த நகரத்தில் வீடின்றி இறந்தவர்களின் பெயர்களைச் சேர்த்து நினைவுகூருகிறார்கள். பெயர் தெரியாதவர்களுக்கு இங்கு வழங்கும் பொதுப் பெயர்களான ஜோன் டோ, ஜேன் டோ. நான் ஒருமுறை போய் நின்றேன். கவிதை இல்லை, வர்ணனை இல்லை, வெறும் பட்டியல். ஆனால் ஒரு நகரத்தின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டாக அந்தப் பட்டியலைவிட வலுவான எழுத்தை இங்கே நான் குறைவாகவே வாசித்திருக்கிறேன்.

*

பட்டியலிலிருந்து புத்தகத்துக்கு வருகிறேன். 1986இல் ஒன்ராறியோ மாகாணம் தன் சமூக உதவித் திட்டத்தை மீளாய்வு செய்யத் தொடங்கியபோது பல சமயத்தவரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் ஐசார்க் என்பார்கள். 1995 ஒக்ரோபரில் மைக் ஹரிஸ் அரசு சமூக உதவிப் பணத்தை 21.6 வீதத்தால் வெட்டியது. அந்தக் காலத்தில் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கு அந்த வெட்டு என்னவென்று நினைவிருக்கும். இரண்டு குடும்பம் ஒரு வீட்டுக்குள் ஒடுங்கிய காலம் அது. ஐசார்க் செய்த வேலை, ஊர் ஊராகப் போய் வறுமையில் இருப்போரைப் பேசவிட்டுக் கேட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சமூகக் கணக்காய்வு. அதிலிருந்து 1998இல் 'எங்கள் அயலவரின் குரல்கள்: நாம் கேட்போமா?' என்ற பொருள்படும் ஒரு நூலும், 2010இல் 'விடாத வறுமை: விளிம்பிலிருந்து குரல்கள்' என்ற பொருள்படும் இன்னொரு நூலும் ஆங்கிலத்தில் வந்தன.

இலக்கியச் சஞ்சிகையில் இவற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வடிவம் இருக்கிறது. இரண்டாவது நூலை ஒரு பத்திரிகையாளர், ஒரு மெனனைட் போதகர், ஒரு இளம் ஆய்வாளர் என மூவர் சேர்ந்து எழுதினார்கள். மக்களின் சொல்லும் எழுதுவோரின் விளக்கமும் அதில் அருகருகே வருகின்றன. வறியவர்களைப் பற்றி எழுதும் சமய நூல்களில் வழக்கமாகக் கொடுப்பவரே கதாநாயகன். வாங்குபவர் கையேந்தும் உருவம், பேச வாய் இல்லாதவர். கணக்காய்வு என்ற சொல்லே அந்த உறவைப் புரட்டிப்போடுகிறது. கணக்குக் கேட்பவர் வறியவர், கணக்குக் காட்டவேண்டியவர் அரசு. நன்கொடையாளரைப் புகழ்ந்து எழுதவே பழகிய ஒரு மொழியில் இப்படி ஒரு நூல் எழுதுவது சுலபமல்ல.

குறையும் இருக்கிறது. பேசியவர்களின் குரல் எப்போதும் ஒரு பரிந்துரையை நோக்கியே நகர்த்தப்படுகிறது. ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போதே, அது எந்தக் கொள்கை மாற்றத்துக்குச் சான்றாகப்போகிறது என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. அறிக்கைக்கு அது தேவை. ஆனால் மனிதர்கள் சான்றாதாரத்தைவிடப் பெரியவர்கள். அதைச் செய்ய நாவலும் தன்வரலாறும் வேண்டியிருக்கிறது.

*

தமிழில் அந்தப் பக்கம் திரும்பினால் முதலில் வருவது பி. எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் ரீ'. இரா. முருகவேள் தமிழாக்கத்தில் 'எரியும் பனிக்காடு'. டானியல் வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிலாளர் சங்க வேலையிலும் இறங்கியவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் வார்த்தையை நம்பி மலையேறுகிறார்கள். வாங்கிய முன்பணம் ஒருநாளும் தீர்வதில்லை. குளிரும் அட்டையும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோகின்றன. நாவலின் பிற்பகுதியில் ஆபிரகாம் என்ற மருத்துவர் வருகிறார். கிறிஸ்தவர். அவர் பிரசங்கம் செய்ய வரவில்லை, வைத்தியம் செய்ய வருகிறார். வைத்தியத்தை ஒழுங்காகச் செய்யப்போனால் துரைமாரோடு மோதாமல் முடியாது என்று கண்டுகொள்கிறார். ஒரு மனிதனின் நம்பிக்கை, அவன் தொழில் மேலான நேர்மையாக மாறும் இடம் அது. நாவல் என்ற முறையில் அதன் நடை பல இடங்களில் அறிக்கை போலத் தட்டையாகப் போகிறது. ஆனாலும் ஆபிரகாமின் பாத்திரம் தமிழர் வாழ்வை எழுதிய நாவல்களில் அபூர்வமானது. தொழிலாளியின் பக்கம் நிற்கும் சமயப் பற்றுள்ளவர், அதுவும் புனிதர் ஆக்கப்படாதவர்.

இந்த நாவலை அடியொற்றிப் பாலா 2013இல் 'பரதேசி'யை எடுத்தார். படத்தின் முதல் பாதியிலும் தோட்டத்தை நோக்கிய அந்த நீண்ட நடையிலும் அவருடைய வலிமை தெரிகிறது. ஆனால் மருத்துவர் வரும் இடத்தில் படம் நாவலைக் கைவிடுகிறது. மருத்துவர் மதம் மாற்ற வந்த கேலிப் பாத்திரமாகி, மனைவியோடு ஆடிப்பாடி சனங்களுக்கு ரொட்டி கொடுக்கிறார். மிஷனரிகள் வறுமையைப் பயன்படுத்தியதே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. எங்கள் ஊர்களிலும் அந்தக் கதைகள் உண்டு. ஆனால் தொழிலாளிக்காகத் துரையோடு மோதிய ஒருவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோமாளியை வைக்கும்போது, தொழிலாளிக்கு இருந்த ஒரு கூட்டாளியை அழித்துவிடுகிறோம். படம் முடியும்போது நாயகனுக்கு அழுவதைத் தவிர வழியில்லை. நாவலில் வழி இருந்தது. குறுகலான வழிதான், ஆனால் இருந்தது.

மறுபக்கத்தைக் காட்டுவது பாமாவின் 'கருக்கு', 1992. வறிய தலித் பிள்ளைகளுக்கு உதவலாம் என்ற எண்ணத்தோடு கன்னியர் மடத்தில் சேர்ந்த ஒரு ஆசிரியை, அந்த மடத்தின் பள்ளிகள் வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே நடப்பதைக் கண்டு, ஏழாண்டுகளின் பின் வெளியே வந்து எழுதிய நூல். பாட்டிமார் நாயக்கர் வீடுகளில் மாடாய் உழைத்து மிச்சச் சோறு வாங்கிவரும் பக்கங்களையும், மடத்துச் சாப்பாட்டு மேசையைப் பற்றிய பக்கங்களையும் அடுத்தடுத்து வாசித்தால் பாமாவின் வாதம் விளங்கும். ஏழ்மை என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியில் இருக்கிறார்கள். ஏழைகளுக்குத் தாழ்ச்சியும் கீழ்ப்படிதலும் போதிக்கப்படுகின்றன. ஆனால் அவர் கண்டுகொண்ட இயேசு நீதியின் பக்கம் நின்றவர். பனங்கருக்கின் இரண்டு பக்கமும் அறுக்கும் என்பது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நூலும் அப்படித்தான், திருச்சபையை அறுக்கிற அதே வீச்சில் நம்பிக்கையை விடாமல் பிடித்திருக்கிறது. இதை முதலில் வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய ஒரு சமூக ஆய்வு மையம். ஒரு நிறுவனம் தன்மேல் விழும் அடியைத் தானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் கோயில்களில், எங்கள் சங்கங்களில், எங்கள் சபைகளில் இப்படியொரு காரியம் நடக்குமா என்று வாசிக்கும்போதெல்லாம் எண்ணுவேன்.

இலங்கையிலும் ஆட்கள் இருந்தார்கள். 1958இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, மே தினத்துக்கென்றே மூன்று மொழியிலும் வழிபாட்டு முறை ஒன்றை உருவாக்கியது. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமைக்கும் கூலிக்குமாக எழுதினார். அவர் தமிழரல்லர். 1948இல் அந்த மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது ஆதரவாக வாக்களித்த தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. யாழ்ப்பாணத்துக் கோயில் வாசலில் யார் உள்ளே வரலாம் என்று 1960களின் கடைசியிலும் அடிபட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கே. டானியல் அதை எழுதாமல் போயிருந்தால் அதுவும் எங்கள் இலக்கியத்தில் பதிவாகியிருக்காது.

*

இனி இந்த நகரத்துக்குத் திரும்புகிறேன். நான் வாசித்த வரையில் புலம்பெயர் தமிழ் எழுத்தில் தொழிற்சாலை நிறைய வருகிறது. கோப்பை கழுவுதல், இரவு வேலை, பனியில் பஸ்ஸுக்கு நிற்றல் எல்லாம் வருகின்றன. கோயிலும் வருகிறது, பெரும்பாலும் பகிடிக்கு. ஆனால் இரண்டும் ஒரே கதைக்குள் சந்திப்பது அரிது. தொழிற்சாலையில் அடிபட்டவன் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவான், அவ்வளவுதான். அவனுடைய கூலியைப் பற்றிக் கோயில் ஒரு வார்த்தை சொல்லும் என்று அவனும் எதிர்பார்ப்பதில்லை, கதாசிரியரும் எதிர்பார்ப்பதில்லை.

எதிர்பார்க்கக் காரணம் இருந்தது. ஒன்ராறியோவில் 2018இல் தொழிலாளருக்கு வருடத்தில் இரண்டு நாள் சம்பளத்துடன் அவசர விடுப்புக் கிடைத்தது. அதே வருடக் கடைசியில் புதிய அரசு அதைச் சட்டத்திலிருந்து எடுத்தது. மணித்தியாலத்துக்கு 14 டொலராக இருந்த அடிப்படைச் சம்பளம் 2019இல் 15 ஆகவேண்டியது, அதுவும் நிறுத்தப்பட்டு 2022 வரை போனது. பிறகு பெருந்தொற்று வந்தது. காய்ச்சலோடு வீட்டில் நின்றால் சம்பளம் இல்லை, ஆகவே சனம் காய்ச்சலோடு வேலைக்குப் போனது. ஒருவர் பக்ரறியிலிருந்து கொண்டுவந்தது அடுக்குமாடி முழுவதும் பரவியது. சம்பளத்துடன் மூன்று நாள் சுகயீன விடுப்பு 2021 ஏப்ரலில், மூன்றாவது அலையின் நடுவில்தான் வந்தது. அதுவும் 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஒருவன் முதுகில் விழுந்த அடி ஊர் முழுவதும் விழுந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். இந்த முறை அடிபட்டவர் சொக்கநாதர் அல்ல, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அந்த நாட்களில் கோயில்களும் தேவாலயங்களும் உணவுப் பொதி கொடுத்தன. அது பெரிய காரியம், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும் என்று எங்கள் கோயில் ஒலிவாங்கியில் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. அன்னதானத்துக்கு எங்களிடம் ஆயிரம் சொல் இருக்கிறது. கூலிக்கு ஒரு சொல்தான், அதையும் இழிவாகவே பாவிக்கிறோம்.

ஏன் என்று யோசித்தால் ஒரு காரணம் தெரிகிறது. கோயிலும் ஒரு முதலாளி. சில ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்துக் கோயில் ஒன்றில் சிற்ப வேலைக்கென வெளிநாட்டிலிருந்து தற்காலிக அனுமதியில் அழைத்துவரப்பட்ட சிலர், குறைந்த சம்பளம், அளவுக்கு மிஞ்சிய நேரம், கோயில் நிலவறையிலேயே படுக்கை என்று முறையிட்ட செய்தி கனடிய ஊடகங்களில் வந்தது. கோயில் தரப்பு மறுத்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் செய்தியை எங்கள் சனம் வாசித்த விதம்தான் என் விஷயம். எங்கள் மானத்தை வெள்ளைக்காரப் பேப்பரில் ஏற்றிவிட்டார்கள் என்ற கோபம் முதலில் வந்தது. வேலை செய்தவர்களின் கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது, சிலருக்கு வரவேயில்லை.

மற்றவர்களைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. பல வருடத்துக்கு முன் ஒரு கோயில் நிர்வாக சபையில் நான் செயலாளராக இருந்தேன். திருவிழா முடிந்த கிழமை மடைப்பள்ளியில் சமைப்பவர் கூட்டத்துக்கு வந்து, பத்து நாளும் விடியப்புறம் நாலு மணியிலிருந்து இரவு வரை நின்றேன், அதற்கு ஏதும் பார்த்துத் தரவேணும் என்றார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். சாமி காரியத்துக்கு மணிக்கணக்குப் பார்க்கிறதோ என்று ஒருவர் சொன்னார். இரண்டொருவர் சிரித்தார்கள். நான் எதுவும் பேசவில்லை. எழுதினேன். கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் உள்ள வசனம் இது: 'திருவிழா நாட்களில் மடைப்பள்ளிப் பணி தொண்டு அடிப்படையில் தொடரும்.'

இத்தனை நூல்களை விமர்சித்தவன் இந்த வசனத்தையும் விமர்சிக்கவேண்டும். இதில் எழுவாயாக இருப்பது பணி. மனிதன் இல்லை. சமைத்தவரும் இல்லை, மறுத்தவர்களும் இல்லை. தொண்டு என்பது செய்பவர் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய சொல். அப்பர் உழவாரத்தைத் தூக்கியது யாரும் அவரைச் சம்பளமில்லாமல் நிறுத்தியதால் அல்ல. அந்தச் சொல்லைச் சம்பளம் கொடுக்கவேண்டியவர் எடுத்துக்கொள்ளும்போது அது உதிர்ந்த பிட்டாகிவிடுகிறது. எத்தனை மணித்தியாலம், எத்தனை டொலர் என்ற எண்களும் வசனத்தில் இல்லை. உபயகாரர் பெயரையும் தொகையையும் வரிசையாக அச்சடிக்கும் எங்கள் திருவிழா நோட்டீசில் எண்களுக்குக் குறைவில்லை. அந்த மனிதர் அடுத்த வருடம் வரவில்லை. எங்கே போனார் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

பயன் சொல்பவர் அன்று அடி விழுந்த இடத்தை உருக்கமாகச் சொல்லி முடித்தார். எல்லோரும் அரோகரா சொன்னோம். பிரசாதமாகப் பிட்டு தந்தார்கள். இரும்புக் கதவுக்கு உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இந்தக் கட்டுரையைத் தொடங்கமுன் அந்தப் பழைய வசனத்தைத் திருத்தி எழுதினேன். காலம் கடந்த திருத்தம், ஆனாலும் அச்சில் இருக்கட்டும்:

'மடைப்பள்ளியில் சமைப்பவர் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்கு, ஒன்ராறியோச் சட்டப்படி ஒன்றரை மடங்கு சம்பளம் கோயில் கொடுக்கவேண்டும். அவர் கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை.'